கட்டைகளுக்கு நடுவே ஒரு சக்கர நாற்காலி

"சனிக்கிழமை காலையில விட்டுடுறாங்களாம். வீல்சேரோடதான் வருவேன். போர்ச்சில வழி இருக்கா?"

மருத்துவமனைக் கட்டிலிலிருந்து ஜெயமலர் கைப்பேசியில் கேட்டாள். அவள் கணவர் பரஞ்சோதி கதவைத் திறந்து, வீட்டு முன்பக்கத்துப் போர்ச்சை எட்டிப் பார்த்தார்.

குவிந்து கிடந்த கட்டைகளுக்கு நடுவே வழி இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவும் பாதித் தூரத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது.

"இருக்கு மலர்," என்றார்.

"பூனைக்கா, எனக்கா?"

இத்தனை வருஷம் கூட இருந்தவளிடம் போனில்கூட எதையும் மறைக்க முடிவதில்லை.

"சனிக்கிழமைக்குள்ள எல்லாம் சரி பண்ணிடுறேன்."

"இங்க பாருங்க, நிதானமா கேளுங்க. என் தம்பி புவனேசன் காடி எடுத்துக்கிட்டு வர்றான். நம்ம வீட்டு வாசல்ல நிப்பாட்டுவான். வீல்சேர் நேரா உள்ள போச்சுன்னா நான் வீட்டுக்கு. போகலைன்னா காடி நேரா கூலிம்ல அக்கா வீட்டுக்கு. யோகேஸ்வரி அக்கா அறையைக் கழுவி, ஃபேனைத் தொடைச்சு, கட்டிலுக்குப் புது விரிப்பெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. நான் எழுந்து நடக்க மூணு மாசம் ஆகுமாம். மூணு மாசமும் அங்கதான்."

"மலர், மூணு மாசமா?"

"கோவத்துல சொல்லலங்க. இன்னும் நல்லா இருக்கிறது ஒரு கால்தான். அதையும் கொண்டாந்து உங்க கட்டையில இடிச்சுக்க முடியாது லா."

ஜெயமலர் விழுந்தது கட்டையில் இடித்து அல்ல. பாசாரில் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பு விலகிவிட்டது. ஆனாலும் செய்தி கேள்விப்பட்டு, அவர்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங் முழுவதும், "கட்டை தடுக்கியா?" என்றுதான் முதலில் கேட்டது. பரஞ்சோதி ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். இரண்டு பேர் நம்பினார்கள்.

அன்றைக்கு மருத்துவமனையில் அவர் நன்றி சொல்லாத ஆள் இல்லை. டாக்டருக்கு, தாதியருக்கு, கட்டிலைத் தள்ளியவருக்கு, காடி நிறுத்த இடம் காட்டிய காவலாளிக்கு, ஜெயமலரைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்த மீன்காரச் சீனருக்கு. தலை அடிபடாமல் கால் அடிபட்டதற்காக ஜெயமலரின் காலுக்கே ஒருமுறை நன்றி சொன்னதாக அவள் பிறகு தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள்.

நன்றி சொல்லும் விஷயத்தில் பரஞ்சோதியிடம் கஞ்சத்தனம் கிடையாது. போர்ச்சில் கட்டை மலையாகக் குவிந்ததற்கும் அதுதான் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, அவர் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார். காலையில் மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பார். மதியமும் ஃபேன். ராத்திரி படுத்த பிறகு அறையில் வேறொரு ஃபேன். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ஜெயமலர் சாமியை வேண்டாத நாள் இல்லை.

அப்போதுதான் பின்வரிசை வீட்டுக் காளிதாசன் வந்தார். சமையலறை அலமாரி செய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர். தோளில் ஒரு மூட்டை, கையில் பழைய டிரில் ஒன்று. மூட்டையைப் பரஞ்சோதியின் காலடியில் தொப்பென்று இறக்கினார்.

"அண்ணே, ஃபேன் அது பாட்டுக்குச் சுத்தட்டும், நீங்க பார்க்கலைன்னாலும் நிக்காது. இதெல்லாம் கடையில மிஞ்சின கட்டை. இதை வெச்சு ஏதாவது செய்யுங்க."

பரஞ்சோதி ஒரு முக்காலி செய்தார். அது ஆடியது. ஆட்டம் நிற்கட்டும் என்று ஒரு காலைக் குறைத்தார், இன்னொரு பக்கம் ஆடியது. கடைசியில் அது மணையாகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதைப் பார்த்த ஜெயமலர் அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே அவள் நாலடுக்கு மங்கு நிறைய சோறு, நண்டுக் குழம்பு, பிரட்டல், பாயசம் எல்லாம் நிரப்பிக் காளிதாசனுக்குக் கொடுத்தனுப்பினாள். காளிதாசன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அடுப்பில் தண்ணீர் மட்டும்தான் கொதிக்கும்.

வெள்ளிக்கிழமை மங்கு திரும்பி வந்தது. கூடவே ஒரு மூட்டைக் கட்டையும்.

"பாத்திரத்தை வெறுமனே எப்படிக்கா திருப்பிக் குடுக்கிறது? என்கிட்ட வேற என்ன இருக்கு, கட்டைதான் இருக்கு," என்றார் காளிதாசன்.

கட்டையோடு வந்த மங்குவை ஜெயமலர் எப்படிச் சும்மா கவிழ்த்து வைப்பாள்? அடுத்த வாரம் கோழி. அதற்கு ஒரு மூட்டை. அதற்கு அடுத்த வாரம் மீன். அதற்கும் ஒரு மூட்டை. "நீங்க எதுக்கண்ணே வெயில்ல அலையணும்?" என்று பரஞ்சோதியைக் கடைப் பக்கமே வரவிடாமல் காளிதாசன் தானே கொண்டுவந்து இறக்குவார். பரஞ்சோதி கைகூப்பி, "ரொம்ப நன்றி காளி," என்பார். அவர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டுக் காளிதாசனின் முகமும் மலரும்.

வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் பரஞ்சோதி செருப்பு அலமாரி செய்து கொடுத்துவிட்டார். மசாலாப் போத்தல் தட்டு, சாவி மாட்டும் பலகை, கைப்பேசி சாய்த்து வைக்கும் தாங்கி, பக்கத்து வீட்டு ஹாஷிமின் கோழிகளுக்கு மாடி வைத்த கூண்டு எல்லாம் செய்தாயிற்று. மாடிக்கு எந்தக் கோழியும் ஏறவில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு அவருக்குச் செய்ய எதுவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், கட்டை போதும் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தே இரண்டு வருஷமாகிவிட்டது.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? முடங்கிக் கிடந்தவரை எழுப்பி நடமாட வைத்த மனிதர். அவரிடம் போய், உங்கள் கட்டை வேண்டாம் என்றா? ஜெயமலரிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. அவளிடம் சொன்னால் அவள் நேரே போய்க் காளிதாசனிடம் சொல்லிவிடுவாள். அவளுக்கு அந்தத் தைரியம் உண்டு.

ஆக, வியாழக்கிழமை மதியம், பரஞ்சோதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போர்ச்சில் இறங்கினார்.

எதையும் முறையாகச் செய்துதான் அவருக்குப் பழக்கம். ஒவ்வொரு கட்டையிலும் அது என்ன மரம் என்று பென்சிலால் அழகாக எழுதி வைத்திருந்தார். மெராந்தி, செங்கால், ஞாத்தோ, ரப்பர். இப்போது அவற்றை மூன்றாகப் பிரிக்க முடிவு செய்தார். வைத்துக்கொள்வது ஒரு பக்கம். வீசுவது ஒரு பக்கம். யோசிப்பது நடுவில்.

முதல் கட்டை முழங்கை நீளத்தில் இருந்தது. செங்கால். இதை வீசினால் செங்கால் மரமே சபிக்கும். வைத்துக்கொள்வது.

இரண்டாவது முக்கோணமாக இருந்தது. முக்கோணத்துக்கு என்ன உபயோகம்? கதவுக்கு அண்டை கொடுக்கலாம். வீட்டில் எத்தனை கதவு? நாலு. முக்கோணக் கட்டை எத்தனை? நாற்பது இருக்கும். சரி, யோசிப்பது.

மூன்றாவது, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு. அதைக் கையில் எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. இது காளிதாசனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தபோது, காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்த மூட்டையில் இருந்தது. காய்ச்சலோடு வந்த கட்டையை எப்படி வீசுவது?

சாயங்காலம் வரை இப்படியே போயிற்று. அடுக்கி வைத்திருந்தவரை மலையாக இருந்த கட்டை, பிரித்துப் போட்டதும் கடலாகிவிட்டது. 'யோசிப்பது' பெருகிப் பெருகிக் கேட் வரை போய், கேட்டைத் திறக்க முடியாமல் செய்துவிட்டது. பூனை வந்து பார்த்தது. வழியில்லை என்று திரும்பிப் போய்விட்டது.

கைப்பேசி அடித்தது.

"என்னாச்சுங்க?"

"எல்லாத்தையும் பிரிச்சுட்டேன் மலர்."

"வீசிட்டீங்களா?"

"வீசிட்டேன். ஒண்ணு."

"ஒரு மூட்டையா?"

"ஒரு கட்டை. கரையான் அரிச்சது."

மறுமுனையில் பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமுவது கேட்டது.

"கரையானாவது ஏதோ தன்னால முடிஞ்ச வேலையைச் செஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

பரஞ்சோதி கட்டைகளுக்கு நடுவே, தானே செய்த மணையில் உட்கார்ந்தார். மூன்று மாதம். காலையில் தேத்தண்ணீரில் சீனி போதவில்லை என்று யாரிடம் சொல்வது? அவள் இல்லாத வீட்டில் என்ன இருக்கும்? ஃபேன்தான் இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் அவர் எழுந்துவிட்டார்.

குடியிருப்புத் தாமானின் கோடியில், திடலுக்குப் பக்கத்தில், பெரிய குப்பைகளைப் போடுவதற்காக ஒரு ரோரோ தொட்டி வைத்திருந்தார்கள். லோரி அளவு இரும்புத் தொட்டி. பழைய மெத்தை, உடைந்த சோபா எல்லாம் அங்கேதான் போகும். பொழுது சாய்ந்து, ஆட்கள் வீட்டுக்குள் போகும் நேரமாகப் பார்த்து, பரஞ்சோதி தன் பழைய சாகா காடியின் பின்னால் கட்டைகளை ஏற்றினார். மேலே கைலியைப் போட்டு மூடினார். காளிதாசன் வீட்டு வழியாகப் போகாமல் நாலு தெரு சுற்றிக்கொண்டு போனார். போனார், வந்தார், மறுபடியும் போனார். கடைசி நடையில் தொட்டி முன்னால் நின்று கைகூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் கட்டைகளிடம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போர்ச்சில் பாதி காலி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சக்கர நாற்காலியாக நினைத்துக்கொண்டு கேட்டிலிருந்து கதவு வரை இழுத்துப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஹார்ன் சத்தம். காளிதாசனின் வேன்.

"அண்ணே! என்னண்ணே இப்படித் தூங்குறீங்க? வீட்டுல திருட்டுப் போயிருக்கு, தெரியுமா?"

"திருட்டா? எங்க காளி?"

"உங்க வீட்டுலதான்! எவனோ ஒரு போக்கத்த பய, உங்க கட்டையெல்லாம் அள்ளிட்டுப் போய் ரோரோவில கொட்டியிருக்கான். காலையில நடக்கப் போனேனா, எட்டிப் பார்க்கிறேன், 'மெராந்தி'ன்னு பென்சில் எழுத்து. இந்த ஊருல மெராந்தியை இவ்வளவு அழகா எழுத யாருண்ணே இருக்கா? வயிறு எரிஞ்சு போச்சு."

வேனின் பின்கதவைத் திறந்தார். கட்டைகள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. கரையான் அரித்ததும் இருந்தது.

"மெத்தைக்கு அடியிலெல்லாம் கை விட்டு எடுத்தேண்ணே. இந்தாங்க, இது ரெண்டு மூட்டை புதுசு. அக்காவும் இல்ல, கட்டையும் போயிடுச்சுன்னா உங்க மனசு என்ன பாடுபடும்னு கையோட கொண்டாந்துட்டேன்."

காளிதாசனின் சட்டை முழுக்க மெத்தைப் பஞ்சு. முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பரஞ்சோதி அந்தப் பஞ்சைத் தட்டிவிட்டார். இப்படி ஒரு மனிதர் யாருக்குக் கிடைப்பார்? எப்படியாவது இந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"ரொம்ப நன்றி காளி," என்றது வாய்.

அதோடு நின்றிருக்கலாம். மெத்தைக்கு அடியில் கை விட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. கூலிமிலிருந்து யோகேஸ்வரி அனுப்பியிருந்த மீன் குழம்பு குளிர்பெட்டியில் இருந்தது. அதை மங்குவில் ஊற்றிக் கையில் கொடுத்து அனுப்பினார். கட்டையை எல்லாம் இறக்கிவிட்டு வேன் முனையில் திரும்பிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மங்கு போயிருக்கிறது. மங்கு திரும்பி வரும். வெறுமனே வராது.

இனிமேல் குப்பையில் போடுவது நடக்காது. காளிதாசன் கண்டாலும் மனம் நோகாத இடமாக இருக்க வேண்டும். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தவருக்குச் சட்டென்று சிடாம் கிரி தோட்டத்துக் கோயில் ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே அன்னதானம். விறகடுப்புதான். சமையல் பொறுப்பு முருகையாவுடையது. கோயிலுக்குக் கொடுத்ததை யார் குறை சொல்ல முடியும்?

போன் போட்டார்.

"முருகையா, விறகுக்குக் கட்டை வேணுமா?"

"எவ்வளவுண்ணே இருக்கு?"

"வந்து பாரு. பெரிய வண்டியா கொண்டா."

முருகையா பிக்கப்போடு வந்தார். போர்ச்சைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இது அன்னதானத்துக்கா, இல்ல கும்பாபிஷேகத்துக்கா?"

"எல்லாத்தையும் எடுத்துக்க. ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"பிளைவுட் அடுப்புக்கு ஆகாதுண்ணே, சாம்பார்ல பசை வாசம் அடிக்கும். ஆனா பந்தல்ல ஒரே சேறு. கீழ போட்டா ஜனங்க செருப்பு தப்பிக்கும். எடுத்துக்கிறேன்."

மூன்று நடையில் போர்ச் காலியாயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு முழுத் தரையும் தெரிந்தது. தரையில் பூப்போட்ட கல் பதித்திருந்ததே பரஞ்சோதிக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, படமெடுத்து ஜெயமலருக்கு அனுப்பினார்.

"இது யார் வீடு?" என்று பதில் வந்தது. பின்னாலேயே கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன.

பரஞ்சோதி முருகையாவுக்கு மனமார நன்றி சொன்னார். முருகையாவும் நன்றி மறக்காதவர். பிக்கப் பக்கத்தில் பரஞ்சோதியைக் கைகூப்பி நிற்க வைத்து எடுத்த படத்தைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே எழுதியிருந்தார்: 'தன் வாழ்நாள் சேகரிப்பையே அம்மன் அடுப்புக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல் பரஞ்சோதி அண்ணனுக்குக் கோடி நன்றி. மனைவி விரைவில் நலம் பெற அனைவரும் வேண்டிக்கொள்வோம்.'

அந்தக் குழுவில் காளிதாசனும் இருந்தார்.

சாயங்காலம் அவர் போன் செய்தபோது குரல் தழுதழுத்தது.

"அண்ணே, இந்த மனசு யாருக்கண்ணே வரும்? அக்கா நல்லாகணும்னு அத்தனை கட்டையையும் அம்மனுக்குக் குடுத்துட்டீங்களே!"

"அப்படியில்ல காளி. அது வந்து..."

"உங்க வீட்டு வழியா வந்தேன். போர்ச் வெறிச்சுனு கிடக்கு. பார்க்க முடியலண்ணே. காடியை ஓரங்கட்டி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்."

"காலியா இருந்தா காத்து நல்லா வருது காளி."

"என்கிட்டயே சமாளிக்கிறீங்க பாருங்க. நாளைக்குக் காலையில பழைய மாதிரி நிரப்பிக் குடுக்கிறது என் பொறுப்பு."

"ஐயோ, வேண்டாம் காளி!"

"தெரியும், வேண்டாம்னுதான் சொல்வீங்க."

"இல்ல, நெசமாவே வேண்டாம்."

நம் ஆட்களிடம் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது 'வேண்டாம்' கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை சொன்னால்தான் அது உண்மையிலேயே வேண்டாம் என்று அர்த்தம். பரஞ்சோதி மூன்றாவதைச் சொல்ல மூச்சு இழுப்பதற்குள் காளிதாசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அழுதுகொண்டிருப்பார்.

சனிக்கிழமை காலை, வீல்சேரும் புவனேசனும் வருவதற்கு முன்னால், ஒரு லோரி வந்தது.

அது வாசலில் நின்று, பீப் பீப் என்று பின்னால் நகர ஆரம்பித்தது. தார்ப்பாய்க்கு மேலேயும் கட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஓட்டி வந்தவர் லோகன். காளிதாசன் கடையில் வேலை செய்பவர். சிரிப்பே இல்லாத, சதா களைத்த முகம்.

"அண்ணே, பாஸ் பினாங்குல ஒரு வீட்டு வேலையா போயிட்டாரு. போர்ச் நிறைய இறக்கிட்டு வரச் சொன்னாரு. மங்குவும் குடுத்துவிட்டாரு, முன்சீட்ல இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, கொட்டிடுறேன்."

"கொட்டாதே தம்பி! கொஞ்சம் பொறு!"

"பொறுக்க முடியாதுண்ணே. பின்னால காடி வருது."

பின்னால் வந்த காடி புவனேசனுடையது. லோரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்கண்ணாடி மெல்ல இறங்கியது. ஜெயமலர் வெளியே பார்த்தாள். கழுவி விட்ட தரையைப் பார்த்தாள். முகம் விரிந்தது. பிறகு லோரியைப் பார்த்தாள். விரிந்த முகம் மெதுவாகச் சுருங்கியது.

"போர்ச் காலியா இருக்கு," என்றாள்.

"ஆமா மலர். நேத்தே காலி பண்ணிட்டேன்."

"அப்ப லோரியில இருக்கிறது எங்க போகுது?"

பரஞ்சோதி லோரியைப் பார்த்தார். போர்ச்சைப் பார்த்தார்.

"புவனேசா, கியரைப் போடு. கூலிம்."

"அக்கா, மாமா பாவம்க்கா."

"உங்க மாமா பாவம்தான். அதான் அவர் கட்டையோட நிம்மதியா இருக்கட்டும்னு சொல்றேன். எடு காடியை."

கண்ணாடி மேலே ஏற ஆரம்பித்தது. அவள் முகம் பாதி மறைந்தது. பரஞ்சோதி இரண்டு எட்டில் காடிக்கு முன்னால் போய் நின்று, முன்மூடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். பிறகு லோரிப் பக்கம் திரும்பினார். மூன்றாவது 'வேண்டாம்' அவர் வாயிலிருந்து தெருவே கேட்கும்படி வந்தது.

"வேண்டாம்! லோகன், கேட்டுக்கப்பா. எனக்குக் கட்டை வேண்டாம்! இன்னைக்கு நேத்தில்ல, ரெண்டு வருஷமாவே வேண்டாம். உங்க பாஸ் மனசு நோகுமேன்னு வாங்கி வாங்கி அடுக்கினேன். அந்த மனுஷன் குடுத்த முதல் மூட்டையிலதான் நான் எழுந்து நடமாடினேன். அந்த நன்றி என் உயிர் இருக்கிற வரைக்கும் இருக்கும், அதை அவர்கிட்ட சொல்லு. ஆனா எனக்கு இப்ப என் வீட்டுக்காரி வேணும். கட்டை போதும்பா. என்னை மன்னிச்சுக்கச் சொல்லு."

அடுத்த வீட்டு ஹாஷிம் கேட்டருகே வந்து நின்றார். கோழிகள்கூடக் கத்துவதை நிறுத்தின. பரஞ்சோதி, ஒரு நல்ல நண்பனை இழந்துவிட்டோம் என்று நினைத்தார்.

ஏறிக்கொண்டிருந்த கண்ணாடி நின்றது. பிறகு இறங்கியது.

"ரெண்டு வருஷமாவா?" என்றாள் ஜெயமலர்.

"ஆமா மலர்."

"அட மனுஷா! உங்களுக்குக் கட்டைன்னா உயிர், அது வராம நின்னுட்டா நீங்க மறுபடியும் ஃபேனைப் பார்க்க உக்காந்துடுவீங்கன்னுதானே நான் வாரா வாரம் அவருக்குச் சமைச்சு அனுப்பினேன்! இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு!"

பரஞ்சோதி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தார்கள் என்று புவனேசனுக்குத் தெரியவில்லை. ஜெயமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தம்பியின் தோளில் தட்டினாள்.

"கூலிமெல்லாம் வேண்டாம். வீல்சேரை இறக்குடா."

சக்கர நாற்காலி இறங்கியது. பரஞ்சோதி அவளைத் தானே தள்ளிக்கொண்டு போனார். கேட்டிலிருந்து கதவு வரைக்கும் எங்கும் இடிக்கவில்லை. கதவண்டை அவளை விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு லோரிப் பக்கம் திரும்பி வந்தார்.

லோகன் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கோயிலில் கும்பிடுவதுபோல் பரஞ்சோதியைக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்ணே! கடையில மரவேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு, இப்ப எல்லாம் அலுமினியம்தான். உங்களுக்குக் குடுக்கணும்னே பாஸ் வாரா வாரம் புதுப் பலகை வாங்கிட்டு வந்து, மிஞ்சின கட்டை மாதிரி தெரியணும்னு எங்களை உக்கார வெச்சுத் துண்டு துண்டா வெட்டச் சொல்றாரு!"